முரசும் முழு உடம்பும்

ஒரு லுஹர் நேரம். பள்ளிவாசல் ஹவுளடியில் ஒளு எடுத்துக்கொண்டிருந்தேன். வாய் கொப்பளித்துத் துப்பிய தண்ணீர் சிவந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர் ஒரு காலத்தில் என்னிடம் படித்த பிள்ளை. எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சேர், வெத்திலையா?" என்று கேட்டார். நான் வெற்றிலை போடுகிறவன் அல்ல. "ஓம், ஓம்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

அது பல மாதமாக வந்துகொண்டிருந்த இரத்தம். அதைப் பற்றி நான் முதலில் போய்க் கேட்டது ஒரு மௌலவியிடம். இரத்தம் வந்தால் ஒளு முறியுமா என்பதுதான் என் கேள்வி. ஷாஃபி மத்ஹபின்படி முறியாது, வாயைக் கழுவிச் சுத்தப்படுத்திக்கொள்ள வேண்டும், நோன்பு நேரத்தில் தெரிந்துகொண்டே விழுங்கிவிடக் கூடாது என்றார். ஹனஃபி மத்ஹபில் உமிழ்நீரை விட இரத்தம் மிகைத்தால் முறியும் என்பதையும் சொன்னார். மஸ்அலா தெளிவானதும் மனம் ஆறிவிட்டது. அந்த இரத்தம் ஏன் வருகிறது என்று கேட்க வேண்டிய இடத்துக்கு நான் போனது அதற்கு ஒன்றரை வருடம் கழித்து. அதுவும் என் மூத்த ராத்தா மௌத்தான பிறகு. 31 வருடம் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான் என்பதையும் இங்கே எழுதி வைக்கத்தான் வேண்டும்.

நான் வைத்தியன் அல்ல. வாசித்ததையும், பல் வைத்தியர்களிடம் தொணதொணத்துக் கேட்டதையும் வைத்து எழுதுகிறேன்.

நம் பகுதியில் முரசு என்று சொல்வதைத்தான் பாடப் புத்தகம் ஈறு என்கிறது. பல் தாடை எலும்பில் ஆணி அடித்தது போல் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்கள் இருக்கின்றன. பல் அந்த நார்களில் தொங்குகிறது என்று கூடச் சொல்லலாம். முரசு பல்லின் கழுத்தைச் சுற்றிச் சேட்டுக் கொலரைப் போல் நிற்கிறது. கொலருக்கும் கழுத்துக்கும் இடையில் சின்ன இடைவெளி இருக்குமல்லவா, அப்படி பல்லுக்கும் முரசுக்கும் இடையிலும் 1 முதல் 3 மில்லிமீற்றர் ஆழத்தில் ஒரு பள்ளம் எல்லோருக்கும் உண்டு. வருத்தம் தொடங்குவது அந்தப் பள்ளத்தில்தான்.

பல் விளக்கிச் சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் கிருமிகள் சேர்ந்து வழுவழுப்பான ஒரு படலமாகப் படியத் தொடங்குகின்றன. தினமும் தேய்த்து எடுக்காவிட்டால் அது தடிக்கிறது. உமிழ்நீரில் உள்ள கல்சியம் சேர்ந்து கல்லாக இறுகுகிறது. அதுதான் பற்காரை. கீழ் முன்பற்களின் உட்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் அது அங்கே இருக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அந்த இடத்தில் திறப்பதால் அங்கேதான் கூடுதலாகப் படியும். படலத்தை எதிர்க்க உடம்பு இரத்தத்தை அனுப்புகிறது. முரசு சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் இரத்தம் வருகிறது. இந்தக் கட்டத்தில் திருத்திவிடலாம். விட்டுவிட்டால் பள்ளம் ஆழமாகிப் பையாகிறது, நார்கள் அறுகின்றன, எலும்பு கரைகிறது. கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. எலும்பைக் கரைப்பது பெரும்பாலும் கிருமி அல்ல, கிருமியை விரட்ட நம் உடம்பு நடத்தும் சண்டைதான். இவ்வளவும் நடக்கும்போது பெரிதாக வலி இருக்காது. சூத்தைப் பல் குத்தும், குடையும், இரவு நித்திரை கொள்ள விடாது. முரசு வருத்தம் சத்தமில்லாமல் வேலையை முடிக்கும். வலி இல்லாததால் நாங்கள் அதை வருத்தம் என்றே எடுப்பதில்லை.

படலம்தான் காரணம் என்பதை ஐயமில்லாமல் காட்டியவர் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல் மருத்துவ ஆய்வாளர். 1965இல் அவர் வெளியிட்ட ஆய்வு மிக எளிமையானது. டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஆரோக்கியமான முரசு உள்ள 12 பேரைப் பல் விளக்குவதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாளைக்குள் 12 பேருக்கும் முரசு வீங்கி அழற்சி வந்தது. திரும்பப் பல் விளக்கத் தொடங்கியதும் கிட்டத்தட்ட ஒரு வாரத்தில் சுகமானது.

அதன் பிறகு அவருக்கு வந்த கேள்வி பெரியது. வாழ்நாள் முழுவதும் பல் விளக்காமல் விட்டால் என்ன நடக்கும்? அதற்கு விடை தேடி அவரும் அவருடைய குழுவினரும் வந்த இடம் நம் நாடு. 1970இல் மலையகத்தின் டன்சினன், ஹரோ ஆகிய இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைத் திறந்து பார்த்து ஒவ்வொரு பல்லையும் அளந்தார்கள். எல்லோரும் தமிழ் பேசுகிற இளைஞர்கள். பல் தூரிகை பாவித்தறியாதவர்கள், பல் வைத்தியரைக் கண்டறியாதவர்கள். சீனிப் பண்டம் அதிகம் எட்டாத வாழ்க்கை என்பதால் சூத்தையும் அனேகமாக இல்லை. ஆகவே ஒரு பல் விழுந்தால் அது முரசு வருத்தத்தால்தான் என்று நிச்சயமாகச் சொல்லலாம். ஆய்வுக்கு இதைவிடத் தோதான ஆட்கள் உலகத்தில் கிடைப்பது கஷ்டம். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். கடைசித் தடவை மிஞ்சியிருந்தவர்கள் 161 பேர்.

1986இல் வெளியான முடிவை இன்றைக்கும் உலகத்தின் எல்லாப் பல் மருத்துவ மாணவர்களும் படிக்கிறார்கள். அந்தத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் படலம், ஒரே மாதிரிப் பற்காரை, எல்லோருக்கும் முரசு வீக்கம். ஆனால் போன வழி மூன்று. 100க்கு 8 பேருக்கு அழிவு மிக வேகமாக நடந்தது. 35 வயதில் சராசரி 12 பல், 40 வயதில் 20 பல் போய், 45 வயதில் வாயில் பல்லே இல்லை. 100க்கு 81 பேருக்கு நடுத்தர வேகம்; அவர்கள் 45 வயதில் இழந்தது சராசரி 7 பல். மீதி 11 பேருக்கு முரசு வீங்கியதோடு சரி, அதற்கு அப்பால் போகவேயில்லை.

"எங்கட மூத்தாப்பா பல்லே விளக்கல்ல, எண்பது வயசிலயும் கரும்பு கடிச்சார்" என்று ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறோமே, அந்த மூத்தாப்பா அந்த 11 பேரில் ஒருவர். மற்ற 89 பேரின் பேரப்பிள்ளைகள் அப்படிக் கதை சொல்வதில்லை.

இந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒரு பக்கம் சாயும். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகம் அது. ஆய்வு நடந்த அதே காலத்தில்தான் 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாய்களிலிருந்து உலகம் படித்துக்கொண்டது. வருத்தம் இயற்கையாக எப்படி வளர்கிறது என்று பார்ப்பதே நோக்கம் என்றால், அது வளர விட்டுப் பார்ப்பது என்றுதான் அர்த்தம். 40 வருடம் கழித்து வேறொரு குழுவினர் அந்தப் பழைய ஆட்களைத் தேடிப் போய் 75 பேரைக் கண்டுபிடித்து மீண்டும் பரிசோதித்தார்கள். நாம் காலையில் குடிக்கிற பிளேன்டீயில் மட்டுமல்ல, பல் வைத்தியரின் கதிரையிலும் அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இனி ராத்தாவின் கதை. சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

ராத்தாவுக்கு 54 வயது. 12 வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக் கொப்பியில் ஒரு மாதமும் தவறியதில்லை. கண் காட்டினார், கால் காட்டினார், சிறுநீர் பரிசோதித்தார். பற்கள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கியபோது, "சீனி வருத்தமெண்டா பல்லு உழும்தானே" என்று அவரே சொன்னார், நாங்களும் சொன்னோம். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று வீங்கி வலித்தது. கராம்பு வைத்தார். டிஸ்பிரின் குளிசையை முரசோடு அணைத்து வைத்தார். அது வலியைக் குறைக்காது, முரசை எரித்துவிடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பார்மசியில் அன்டிபயொடிக் வாங்கி இரண்டு நாள் குடித்தார். மூன்றாம் நாள் தாடைக்குக் கீழே கழுத்து வீங்கிப் பலகை மாதிரி இறுகிவிட்டது. நாக்கு மேலே தள்ளியது, எச்சில் விழுங்க ஏலாது. சீனி 400க்கு மேல். இரவோடு இரவாகப் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். மூச்சுக் குழாயில் துளை போட்டார்கள், கழுத்தைத் திறந்து சீழ் எடுத்தார்கள். ஐந்தாம் நாள் சுபஹுக்கு முன் மௌத்து. அவர்களில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பல்லுக்குத்தானே, பொறகு பாப்பம் என்று இருந்தது நாங்கள்.

ஜனாஸாவுக்கு வந்தவர்கள் சீனி கூடி மௌத்தானதாகத்தான் பேசிக்கொண்டார்கள். அது முழுக்கப் பிழையும் இல்லை. அதனால்தான் இதை விளங்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

சீனி வருத்தமும் முரசு வருத்தமும் இரண்டு பக்கமும் ஓடுகிற ஒரு பாதை. இரத்தத்தில் சீனி கூடும்போது நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடுகின்றன, வெள்ளணுக்களின் வலு குறைகிறது, புண் ஆற நாள் எடுக்கிறது. ஆகவே முரசு விரைவாக அழிகிறது. இது பலருக்கும் தெரிந்த பக்கம். மற்றப் பக்கம், முரசில் நாள்பட்டுக் கிடக்கிற அழற்சி இரத்தத்தில் சில இரசாயனங்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. அவை இன்சுலின் வேலை செய்வதைக் குழப்புகின்றன. மருந்து அதே மருந்து, சோறு அதே சோறு, ஆனால் சீனி இறங்க மாட்டேன் என்கிறது. கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய இரத்தக் குழாய்கள், ஆறாத புண் என்ற ஐந்துக்கும் பிறகு, சீனி வருத்தத்தின் ஆறாவது பின்விளைவு முரசு வருத்தம் என்று 1993இல் எழுதியவரும் அதே ஹரால்ட் லோதான்.

முரசைத் திருத்தினால் சீனி குறையுமா? 2013இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு குறையவில்லை என்றது. ஆனால் உலகம் முழுவதும் நடந்த 35 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2022இல் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட மீளாய்வு, ஆழமாகச் சுத்தம் செய்த மூன்று, நான்கு மாதத்தில் எச்.பி.ஏ.1.சி. அளவு சராசரியாக 0.43 புள்ளி குறைகிறது என்கிறது. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் அந்த அளவில் இது சின்னக் குறைவு அல்ல. இரண்டாவதாக ஒரு குளிசை சேர்த்தது போன்ற பலன் என்று சில வைத்தியர்கள் சொல்வார்கள். என் சொந்தக் கணக்கு 8.9இலிருந்து 8.3க்கு வந்தது. அதே காலத்தில் பின்னேரத் தேநீரில் சீனியையும் விட்டிருந்தேன். எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

இதயத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 'பல் கெட்டால் மாரடைப்பு' என்று போகிற போக்கில் எழுதிவிடுகிறார்கள். முரசு வருத்தம் உள்ளவர்களிடம் இதய வருத்தமும் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. புகைத்தல், வயது போன்றவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்தத் தொடர்பு மிஞ்சுகிறது. ஆனால் ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்பதற்கோ, பல்லைத் திருத்தினால் மாரடைப்பு வராது என்பதற்கோ போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. நமக்குத் தெரிந்திருப்பது வேறொன்று. 2007இல் வெளியான ஓர் ஆய்வில் கடுமையான முரசு வருத்தமுள்ள 120 பேரில் ஒரு பாதிக்குத் தீவிரமாகச் சிகிச்சை செய்தார்கள். அடுத்த நாள் அவர்களுடைய இரத்தக் குழாய்கள் விரியும் தன்மை முன்னையதை விடக் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் மற்றவர்களை விட நன்றாகியிருந்தது. வாயில் நடப்பது இரத்தக் குழாய்க்குத் தெரிகிறது என்பது வரை நிச்சயம்.

எப்படித் தெரிகிறது என்றால், பைகளின் உட்சுவர் புண்ணாகித்தான் கிடக்கிறது. சாப்பிடும்போதும் பல் விளக்கும்போதும் கிருமிகள் அதன் வழியே இரத்தத்துக்குள் போய் வருகின்றன. அந்தப் பரப்பு உள்ளங்கை அளவு என்று சில இடங்களில் எழுதியிருக்கிறார்கள், அது மிகை. கணக்குப் பார்த்தவர்கள் சொல்வது 8 முதல் 20 சதுர சென்றிமீற்றர், அதாவது ஒரு தீப்பெட்டியின் முகப்பை ஒட்டிய அளவு. காலில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு புண் வருடக்கணக்காக இருந்தால் யாராவது சும்மா இருப்போமா?

சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதானவர்கள், வால்வு மாற்றியவர்கள் விஷயம் தனி. அவர்களுக்கு வாய்க் கிருமி வால்வில் போய் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பல் கழற்றப் போகுமுன் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சிலருக்கு முன்கூட்டியே மருந்து தருவார்கள்.

படுக்கையில் கிடக்கும் வயதானவர்களை வைத்திருக்கும் வீடுகளில் இதையும் கவனிக்க வேண்டும். வாயில் உள்ள அழுக்கு எச்சிலோடு சேர்ந்து தெரியாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் பார்த்தபோது, சாப்பாட்டுக்குப் பிறகு தாதியர் வாய் சுத்தம் செய்துவிட்டவர்களில் 100க்கு 11 பேருக்கு நியூமோனியா வந்தது. செய்யாதவர்களில் 19 பேருக்கு வந்தது. குளிப்பாட்டுகிறோம், உடுப்பு மாற்றுகிறோம், ஒளு எடுப்பித்தும் விடுகிறோம். வாய்க்குள் யாரும் விரல் விடுவதில்லை. பொய்ப் பல் கட்டியிருந்தால் அதை இரவில் கழற்றி, விளக்கி, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும்.

"புள்ளத்தாச்சி பல்லுல கை வெக்கப்படாது" என்பது நம் ஊரில் வேரூன்றிய பேச்சு. கருவில் உள்ள பிள்ளை தாயின் பல்லிலிருந்து கல்சியத்தை உறிஞ்சுவதில்லை. ஹோர்மோன் மாற்றத்தால் முரசு சுலபமாக வீங்கும், அவ்வளவுதான். 2006இல் அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளை வைத்துப் பார்த்தார்கள். முரசுச் சிகிச்சை குறைமாதப் பிரசவத்தைக் குறைக்கவில்லை. அதே நேரம் தாய்க்கோ பிள்ளைக்கோ கெடுதியும் செய்யவில்லை, முரசு சுகமானது. பயப்பட ஒன்றுமில்லை என்பதற்கு அது போதும். மறதி நோயோடும் முரசைத் தொடர்புபடுத்தி இப்போது நிறையப் பேசுகிறார்கள். அதை நம்பிச் செய்த மருந்து பரிசோதனையில் எடுபடவில்லை, ஆகவே அதில் நான் இறங்கவில்லை.

வெற்றிலையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. கலியாண வீடென்றால் வட்டாவில் வெற்றிலை, பக்கத்தில் படிக்கம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். என் மூத்தம்மாவின் பாக்குவெட்டிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முரசுக்கு நல்லது என்றுதான் போட்டார்கள். சுண்ணாம்பு பற்களில் படிந்து காரையைக் கூட்டும். சிவப்புச் சாயம் இரத்தத்தை மறைத்துவிடும். ஹவுளடியில் அந்தப் பிள்ளை என்னைக் கேட்ட கேள்வியே அதற்குச் சாட்சி. சிகரட்டும் இதே வேலையைச் செய்கிறது. புகைப்பவரின் முரசில் இரத்தம் குறைவாகவே வரும், அதனால் வருத்தம் இல்லை என்று நினைத்துவிடுவார். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியது. புகையிலை சேர்க்காவிட்டாலும் அப்படித்தான். நம் நாட்டு ஆண்களிடம் முன்னணியில் நிற்பது வாய்ப் புற்றுநோய். மெல்லும் புகையிலைப் பொருட்களை 2016இல் சட்டம் தடை செய்தது. ஆனாலும் பாபுலும் மாவாவும் பொடியன்மாரின் கையில் இன்னும் இருக்கின்றன.

மிஸ்வாக்கைப் பற்றிக் கேட்பவர்கள் இருப்பார்கள். உம்மத்துக்குக் கஷ்டமாகிவிடும் என்ற ஒரே காரணத்தால்தான் நபி (ஸல்) அவர்கள் அதை ஒவ்வொரு தொழுகைக்கும் கட்டாயமாக்காமல் விட்டார்கள் என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அந்தக் குச்சியில் உள்ள பென்சைல் ஐசோதயோசயனேற் என்ற பொருள் முரசைக் கெடுக்கும் வகைக் கிருமிகளைக் கொல்வதாக 2011இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். முறையாகச் செய்தால் மிஸ்வாக் நல்ல கருவிதான். முறை என்பதில்தான் சிக்கல். நம்மில் பலர் ஸஃப்பில் நின்றபடி முன்பல்லில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொள்கிறோம். நுனி நார் காய்ந்து கறுத்திருக்கும். நாரைத் தினமும் வெட்டிப் புதிதாக மென்று, கடைவாயின் உட்புறம் வரைக்கும் கொண்டு போக வேண்டும். பற்களின் இடுக்குக்குள் குச்சியும் போகாது, தூரிகையும் போகாது. அதற்கென்று நூலும் சின்னப் பிரஸ்ஸும் விற்கிறார்கள். உமிக்கரியும் உப்பும் பல்லைத் தேய்த்து வேரைக் கூசச் செய்யும்.

நோன்பு மாதத்தில் இன்னொன்று. ஷாஃபி மத்ஹபில் சூரியன் சாய்ந்த பிறகு நோன்பாளி மிஸ்வாக் செய்வது மக்ரூஹ். அதை வைத்து நோன்பு முழுக்கவே பல் விளக்காமல் விடுகிறவர்களை நான் அறிவேன். ஸஹர் முடிந்த கையோடும், இரவு படுக்குமுன்னும் விளக்கினால் முரசுக்குப் போதும். அந்த இரண்டு நேரத்துக்கும் எந்த மத்ஹபிலும் தடை இல்லை.

சுத்தம் செய்தால் பல் ஆடும் என்ற பயத்தில்தான் நானும் கதிரையில் இருந்தேன். வைத்தியர் சொன்னார்: "பல்லு முதல்லயே ஆடித்தான் இரிக்கி, சேர். காரை சீமெந்து மாதிரிப் புடிச்சி வெச்சிரிக்கி." நான்கு தடவை போனேன். மரக்கச் செய்து, முரசுக்கு உள்ளே வேர் வரைக்கும் சுரண்டினார். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. இரண்டு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, கழற்றிவிட்டார். மூன்றாம் கிழமை ஹவுளடியில் துப்பிய தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் மனைவியிடம் கேட்டேன், பல்லு விளக்கும்போது இரத்தம் வருகிறதா என்று. "எல்லாருக்கும் வாறதானே" என்றார். அவருக்கும் ஏழு வருடமாகச் சீனி. வருகிற புதன்கிழமைக்கு நம்பர் எடுத்து வைத்திருக்கிறேன்.